கணுக்கால் கயிறு

"மாஸ்டர், எனக்கு இந்தக் கயிறு வேண்டாம்" என்றார் மாசிலாமணி.

கோவளம் கடற்கரை. வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. அலைச்சறுக்குப் பலகையின் வாலில் ஒரு முனையும் சறுக்குகிறவரின் கணுக்காலில் மறுமுனையுமாக மாட்டுகிற கயிறு அது. கற்றுக்கொடுக்கும் ஸ்டெல்லாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் குரு குருதானே என்று மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

"ஏன் சார்?"

"பதி, பசு, பாசம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பதி கடவுள். பசு நாம. பாசம்னா கயிறு. கயித்த அறுத்தாத்தான் பசு பதியைச் சேரும்."

"அப்போ பலகை யாரு சார்?"

மாசிலாமணி யோசித்தார். அவர் போகும் சைவ சித்தாந்த வகுப்பில் பலகை வரவில்லை.

"பலகை பலகைதான்."

கொஞ்சம் தள்ளி, ஈர மணலில் குனிந்து தன் காலில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி தையல்நாயகி.

"விடுங்க மாஸ்டர். தை பொறந்ததும் மடத்துக்குப் போயிடுறார். வீடும் வேண்டாமாம், நானும் வேண்டாமாம். போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து எதையாவது கத்துக்கலாமேன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரிப்பில் எது சிரிப்பு, எது அழுகை என்று மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கடலைப் பார்த்தார்.

ஸ்டெல்லா பலகையிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரி சார். அந்தப் பக்கம் யாரும் இல்ல. அங்கயே இருங்க."

"அங்கயே இருக்கேன்" என்று பலகையோடு தண்ணீரில் இறங்கினார்.

கடலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாம் ஏது? அது பாட்டுக்கு அவரை ஆட்கள் இருந்த பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தது. அவர் கவனிக்கவில்லை. கவனம் முழுக்க எழுந்து நிற்பதிலேயே இருந்தது.

கடைசியில் நின்றும்விட்டார்.

காலுக்குக் கீழே அலை ஓடியது. உடம்பு இருப்பதே தெரியவில்லை. முக்தி இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் விழுந்தார்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் பலகையைக் காணோம். அது நுரையோடு நுரையாகக் கரையைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் வழியில், இடுப்பளவு தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு தையல்நாயகி கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள்.

"நாயகி" என்று கத்தப் போனார். வாய் நிறைய உப்புத் தண்ணீர். "நா" மட்டும் வந்தது.

பலகை அவள் தோளில் மோதியது. அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

மாசிலாமணி அடித்துப் பிடித்து நீந்தினார். பதியும் ஞாபகத்தில் இல்லை, பசுவும் ஞாபகத்தில் இல்லை. அவள் தலை மேலே வந்தால் போதும் என்று இருந்தது.

வந்தது. முகமெல்லாம் முடி. தண்ணீரைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அறுத்துட்டுப் போறதுன்னா, நேரா என் மேலதான் வந்து விழணுமா?"

ஸ்டெல்லாவும் ஓடி வர, மூவரும் கரைக்கு வந்தார்கள். ஸ்டெல்லா தையல்நாயகியின் தோளை அமுக்கிப் பார்த்தாள். வீக்கம்தான், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மாசிலாமணி ஸ்டெல்லா பக்கம் திரும்பினார்.

"எனக்கு நீச்சல் தெரியும் மாஸ்டர். பலகை போனா போகட்டும், நீந்தி வந்துடலாம்னு இருந்தேன். கயிறு எனக்குன்னுல்ல நெனச்சேன்."

ஸ்டெல்லா தன் தோளில் கிடந்த கயிற்றை எடுத்து நீட்டினாள்.

அவர் மண்டி போட்டு மாட்டிக்கொண்டார்.

"அது முன்னங்கால் சார். பின்னங்கால்ல மாட்டணும்."

பசுவாக இருந்தால் உடனே தெரிந்திருக்கும். மாசிலாமணி தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பலகைமேல் நிற்கும்போது பின்னால் வைக்கிற காலைத் தொட்டுக் காட்டினாள் ஸ்டெல்லா.

தையல்நாயகி தோளைத் தேய்த்துக்கொண்டே அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அது அவள் உயரத்தைவிட நீளமாக இருந்தது.

"இவ்வளவு நீளம் எதுக்கு மாஸ்டர்? ஒரு முழமா வெட்டிட்டா எங்கயும் போகமாட்டாருல்ல?"

"குட்டையா இருந்தா, பலகை சுண்டிட்டு வந்து அவர் மண்டையிலயே அடிக்கும்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "மனுஷன் விழுறதுக்கும் கொஞ்சம் எடம் வேணும்ல?"