இருவாச்சியின் முதல் வேலை

மேகங்கள் மரங்களை உரசிப் போகும் ஒரு மலைக்காட்டில் பொன்மூக்கன் என்ற இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் சிறகடித்தால் காற்று "உஸ்... உஸ்..." என்று இரையும். காடே அண்ணாந்து பார்க்கும்!

அவன் மனைவி பெயர் வெண்விழி. இருவாச்சிகளின் வழக்கம் விசித்திரமானது, குழந்தைகளே! முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அலகை நீட்டும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. அதுவரை தந்தைப்பறவைதான் உணவு கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அன்று காலைதான் குஞ்சு பொரிந்திருந்தது. பொன்மூக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பிள்ளை பசியில் கத்துகிறான். எனக்கும் தலை சுற்றுகிறது. சீக்கிரம் அத்திப்பழம் கொண்டு வாருங்கள்," என்றாள் வெண்விழி.

"இதோ, போனேன், வந்தேன்!" என்று கிளம்பினான் பொன்மூக்கன்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டான். 'உன்னை விட்டால் ஆளில்லை' என்று சொல்லிவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். இது அதே காட்டில் இருந்த தந்திரக்கார மரநாய்க்கு நன்றாகத் தெரியும். அத்திமரத்துக்குப் போகும் வழியில் அது காத்திருந்தது.

"பொன்மூக்கன் அண்ணா! நல்ல வேளை, நீங்களே வந்துவிட்டீர்கள்! காடு முழுவதும் உங்களைத்தான் தேடுகிறது!"

"என்னையா? எதற்கு?"

"காட்டெருமைகளின் ஓடை வற்றிவிட்டது. வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது என்று மேலே பறந்து பார்க்க வேண்டுமாம். பலாமரத்தில் குரங்குகளுக்குள் அடிதடி. தீர்த்துவைக்க ஆள் இல்லை. மலையுச்சியில் யானைகள் வேறு, மழை எப்போது வரும் என்று கேட்கக் காத்திருக்கின்றன. உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

பொன்மூக்கனின் மார்பு விம்மியது. "அத்திமரம் எங்கே ஓடிவிடப் போகிறது? இவற்றை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்!"

பறந்தான். காட்டெருமைகளுக்குத் தண்ணீர் காட்டினான். அவை தலையாட்டி நன்றி சொல்லின. குரங்குகளின் வழக்கைக் கேட்டான். அதைத் தீர்ப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. 'நான் இல்லாவிட்டால் இந்தக் காடு என்னதான் ஆகும்!' என்று பூரித்தபடி மலையுச்சிக்குப் போனான்.

"யானையாரே! மழையைப் பற்றிக் கேட்டீர்களாமே?"

கிழ யானை சிரித்தது. "மழை வருவதை என் தும்பிக்கையே மோப்பம் பிடித்துவிடும். உன்னிடம் நான் ஏன் கேட்கிறேன்? யார் சொன்னது?"

"மரநாய்தான்."

"மரநாயா? நான் வரும்போது அது உன் பொந்துக்குக் கீழே அல்லவா உட்கார்ந்திருந்தது! நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு!"

பொன்மூக்கனுக்குப் பகீரென்றது. காலையிலிருந்து ஒரு பழம்கூடக் கொண்டுபோகவில்லை! சட்டென்று பாய்ந்து சரிவில் இறங்கினான்.

"உஸ்! உஸ்! உஸ்!"

பாறைமேல் மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. "பொன்மூக்கா! ஒரே ஒரு நிமிடம்! என் புது ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போ!"

"முடியாது!"

வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் அவன் அலகிலிருந்து வந்தது. மயில் வாயைப் பிளந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மரத்தை நெருங்கியதும் மரநாயின் தேன் குழைத்த குரல் கேட்டது.

"அம்மா, அவர் ஊர் வேலையில் உங்களை மறந்தே போய்விட்டார். சுவரை உடைத்துவிட்டு வாருங்கள். அத்திமரத்துக்கு நான் வழி காட்டுகிறேன்."

"டொக்... டொக்..."

ஐயோ! பசி தாங்காமல் வெண்விழி சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள்! இடுக்கு பெரிதாகிவிட்டது. ஒரு சேற்றுக்கட்டி பொத்தென்று கீழே விழுந்தது. மரநாய் நகங்களை நீட்டிக்கொண்டு மரத்தில் தாவி ஏறியது.

"உடைக்காதே, வெண்விழி! நான் வந்துவிட்டேன்!"

இடிபோல இறங்கிய பொன்மூக்கன், பெரிய அலகால் மரநாயின் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டான். அது "வீல்" என்று கத்திக்கொண்டு முட்புதருக்குள் விழுந்தது. வாலைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தான். மரநாய் உருண்டு புரண்டு எழுந்து, ஓடைக்கு அப்பால் ஓடி மறைந்தது.

மூச்சிரைக்க இடுக்கின் முன் வந்து நின்றான். உள்ளே குஞ்சின் குரல் மெலிந்திருந்தது.

"வெண்விழி, என்னை மன்னித்துவிடு. நான் என்ன நினைத்தேன் என்றால்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்கலாம். முதலில் பழம்!"

பொன்மூக்கன் அத்திமரத்துக்குப் பறந்தான். தொண்டை நிறைய அத்திப்பழங்களோடு திரும்பி வந்து, ஒவ்வொன்றாக இடுக்கில் ஊட்டினான். நாலைந்து பழம் உள்ளே போனதும் "கீ! கீ! கீ!" என்று பொந்தே அதிர்ந்தது. வெண்விழி உள்ளிருந்தபடியே உடைந்த சுவரைப் பூசத் தொடங்கினாள்.

மறுநாள் குரங்குகள் மரத்தடிக்கு வந்தன. "பொன்மூக்கா, மறுபடியும் சண்டை! உன்னை விட்டால் ஆளில்லை! எப்போது வருகிறாய்?"

"இவன் பசி அடங்கியதும் வருகிறேன்."

"அது எப்போது அடங்கும்?"

"கீ! கீ! கீ!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"கேட்டீர்களா? இப்போதைக்கு இல்லை!" என்று சிரித்துவிட்டு, பொன்மூக்கன் அத்திமரத்தை நோக்கிப் பறந்தான்.

நீதி: நம்மை விட்டால் வேறு யாராலும் செய்ய முடியாத வேலை எதுவோ, அதையே முதலில் செய்ய வேண்டும்.