யூவின் நீலத் துணி

சொற்களுக்கெல்லாம் கையும் காலும் இருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் ஆங்கிலச் சொற்கள் சில குடியிருந்தன. ஆட்களின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்காமல் இருக்க, பெயருக்குப் பதிலாகப் போய் நிற்பதுதான் அவர்கள் பிழைப்பு. நான் என்பதற்கு ஐ போவான். அவன் என்பதற்கு ஹீ, அவள் என்பதற்கு அவன் மனைவி ஷீ. அது, இது என்பதற்கு அவர்களுடைய கைக்குழந்தை இட். நீ என்றாலும் யூதான் ஓடுவாள், நீங்கள் என்றாலும் அவளேதான் ஓடுவாள். ஓர் ஆளாகவும் போவாள், ஒரு கூட்டமாகவும் போவாள். அதனால் மற்றவர்களுக்கு நாலு முழத் துணி போதும் என்றால், அவளுக்கு மட்டும் எட்டு முழம் வேண்டும்.

ஆற்றைக் கடக்க இருந்தது ஒரே படகு. அதன் பெயர் வெர்ப், அதாவது வினைச்சொல். முன்பலகையில் உட்காருகிறவர் துடுப்புப் போட வேண்டும். பின்பலகையில் இருப்பவர் சும்மா வந்தால் போதும்.

துறைக்குப் பொறுப்பு கிராமர். நல்ல மனுஷர்தான், ஆனால் மகா கண்டிப்பு. ஒரு பனிநாளில் கரையிலிருந்து அவர், "வலப்பக்கம் போடு!" என்று கத்த, பின்னால் இருந்தவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எழுந்து நிற்க, படகு கவிழப் பார்த்தது. துடுப்புப் போடுகிறவர் யார் என்று பனியிலும் தெரிய, அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார். முன்பலகைக்கு மஞ்சள் துணி, பின்பலகைக்கு நீலத் துணி. நீலத் துணியின் ஓரத்தில் அவரவருக்கு வேறு பெயரும் நெய்திருக்கும். ஐ நீலம் உடுத்தினால் மீ. ஹீக்கு ஹிம், ஷீக்கு ஹெர். துணி மாற்றாமல் இடம் மாறினால் படகில் ஏற்ற மாட்டார்.

"துடுப்பே பிடிக்காத பிள்ளைக்கு எதுக்குங்கய்யா ரெண்டு துணி?" என்று ஷீ கேட்டபோது மட்டும், "சரி போ, குழந்தைக்கு ஒண்ணு போதும்" என்று விட்டுவிட்டார்.

ஆடி மாதம். இட்டுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அக்கரை வைத்தியரிடம் மருந்து வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மஞ்சளில் ஹீ. பின்னால் நீலத்தில் ஷீ, மடியில் பிள்ளை. மேற்கே பெய்த மழை எதிர்பாராமல் செந்நீராக இறங்கியது. நடு ஆற்றில் துடுப்பு முறிந்தது.

படகு சுற்றிக்கொண்டே போய், பாதி முழுகிக் கிடந்த மருத மரத்தின் கிளையில் மாட்டி நின்றது. ஹீ கிளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கிளை மளுக் மளுக்கென்றது. கொஞ்சம் கீழே பாறைக்கட்டு. அதில் மோதினால் பலகை கூட மிஞ்சாது.

கரையில் அப்போது இருந்தது மூன்று பேர்தான். கிராமர், ஐ, துவைத்த நீலத் துணியைக் காயப்போட வந்த யூ.

கிராமர் துறைக் கயிற்றை வீசினார். எட்டவில்லை.

"இன்னும் அஞ்சாறு முழம் வேணுமே" என்றார். "ஐ, உன் நீலத் துணியை எடுத்துக் கட்டுடா!"

"என்னோடது நாலு முழம்தானே ஐயா, அது எங்க பத்தும்?" ஐ கையிலிருந்த துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "அதையும் குடுத்துட்டு நாளைக்கு நான் எதைக் கட்டிக்கிட்டுப் பின்னாடி உட்கார்றது?"

"அடப்பாவி, உனக்கு எப்பவும் உன் நெனப்புதானா?" என்றபடி யூ தன் ஈரத் துணியைக் கயிற்றோடு சேர்த்து முடிந்தாள்.

கிராமர் அவள் கையைப் பிடித்தார். "யோசிச்சுக்கோ யூ. போனா மறுபடி நெய்ய நூல் இல்ல. சட்டத்தை நான் மாத்த முடியாது."

"பிள்ளை உசுரு போற எடத்துல என்னங்கய்யா யோசனை? தள்ளிக்குங்க."

வீசினாள். தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினாள். ஹீ ஒரு கையை விட்டுத் துணியின் நுனியைப் பிடித்துப் படகின் மூக்கில் கட்டினான். அந்த நேரம் கிளை முறிந்தது.

படகு வெட்டி இழுக்க, கயிறு யூவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவள் விடவில்லை. கிராமர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சறுக்கினார். நடு ஆற்றில் துணியின் நூல் ஒவ்வொன்றாகப் பிரிவது ஷீயின் கண்ணுக்குத் தெரிந்தது. "ஆண்டவா, என்னை எடுத்துக்கோ, என் பிள்ளையக் கரை சேர்த்துடு" என்று அவள் வாய் ஓயாமல் சொன்னது.

ஐ பார்த்துக்கொண்டே நின்றான். என்ன தோன்றியதோ, மூட்டையைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான். படகின் மூக்கு கரையைத் தொட்டதும் பாய்ந்து அதை அணைத்துக்கொண்டான். அதே நொடியில் துணி அறுந்தது. அதில் யூவுக்கு என்ன பெயர் நெய்திருந்தது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. யூவின் இரண்டு உள்ளங்கையும் வீங்கிச் சீழ் வைத்திருந்தன. வைத்தியரிடம் போயே ஆக வேண்டும். துடுப்புப் பிடிக்க முடியாது, பின்பலகையில்தான் உட்கார வேண்டும். இருப்பதோ மஞ்சள் துணி ஒன்றுதான்.

கிராமர் படகை மறித்துக்கொண்டு நின்றார். அவர் யூவின் முகத்தைப் பார்க்கவில்லை. "மஞ்சளோட பின்னாடி ஏத்த மாட்டேன்" என்றார் தரையைப் பார்த்து.

ஐ தன் நீலத் துணியை நீட்டினான். "கட்டிக்கோக்கா."

"நாலு முழம் எனக்கு முழங்காலுக்கே காணாதுடா தம்பி. வெச்சுக்கோ."

ஷீ பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். காய்ச்சல் விட்டு, இட் விரல் சப்பிக்கொண்டிருந்தது. "ஐயா, என் பிள்ளைக்கு ஒரே துணி போதும்னு விட்டீங்க. அந்தப் பிள்ளைய இழுத்துக் கரையில போட்டவளுக்கு மட்டும் ரெண்டு கேக்கறீங்களே, நியாயமா?"

"அப்புறம் இவ துடுப்புப் போடறாளா, சும்மா வர்றாளான்னு பனியில நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எந்தப் பலகையில உக்காந்திருக்கான்னு பாருங்க" என்றான் ஹீ, புதுத் துடுப்பைக் கையில் எடுத்தபடி. "நம்ம யூதானே. கொஞ்சம் உத்துப் பார்த்தா என்ன?"

கிராமர் யூவின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். பிறகு வழியை விட்டு விலகி, அவள் தோளைத் தாங்கிப் பின்பலகையில் தாமே உட்கார வைத்தார்.

இன்றைக்கும் ஐயும் ஹீயும் ஷீயும் பின்பலகைக்குப் போகும்போது மீ, ஹிம், ஹெர் என்று மாறுகிறார்கள். யூவும் இட்டும் மட்டும் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அதே ஒற்றைத் துணியில் வருகிறார்கள், கிராமரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.