புலியின் குடல் யாரைக் கேட்டது?

குளக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்து வந்தது. அதற்குக் கண் கூர்மை. வாய் அதைவிடப் பெரிது! ஆபத்தைக் கண்டால் போதும், காடே அதிரக் கத்திவிடும்.

அந்தக் காட்டை ஆண்ட பெண்புலிக்கு இது பிடிக்கவில்லை. தனக்குத் தெரியாமல் ஓர் இலைகூட அசையக் கூடாது என்ற எண்ணம் அதற்கு. “எந்தச் சேதியும் முதலில் என்னிடம் வரவேண்டும். நான் சொன்ன பிறகே கத்தவேண்டும்!” என்று சட்டம் போட்டது. நல்ல கூத்துதான்! புலியின் குகை மலை உச்சியில், குளமோ அடிவாரத்தில்.

மறுநாளே செந்நாய்கள் வந்தன. ஆள்காட்டி சட்டத்தையெல்லாம் மறந்து கத்தியது. மான்கள் பிழைத்தன. ஆனால் சேதி கேட்ட புலி, குட்டியோடு இறங்கி வந்து, முட்டைகளுக்கு மேலே காலை ஓங்கியது.

“ஐயோ, மகாராணி! பெற்ற வயிறு பதறுதே!” என்று குருவி அலறியது.

“என்னைக் கேட்காமல் ஏன் கத்தினாய்?”

மரத்தின்மேல் இருந்த பிணந்தின்னிக் கழுகு சிரித்தது. “உங்கள் குடலே உங்களைக் கேட்பதில்லையே, மகாராணி!”

“என்ன உளறுகிறாய்?”

“நான் பார்க்காத வயிறா! குடலிலிருந்து மெல்லிய நரம்புகள் கிளம்பி, முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போகின்றன. ‘இங்கே நிறைந்துவிட்டது’ என்று குடல் சொல்லும். ‘அப்படியானால் மேலே இருக்கும் குடல் இரையை மெதுவாகத் தள்ளட்டும்’ என்று முடிச்சு சொல்லும். தலையின் உத்தரவுக்கு அவை காத்திருப்பதில்லை.”

“அப்படியா!” புலிக்கு ஆவல் பொறுக்கவில்லை. ஓங்கிய காலை இறக்காமலே கண்ணை மூடிக்கொண்டு, “குடலே, வேகமாகத் தள்ளு!” என்றது.

கொர்ர்ர்.

“நில்!”

கொர்ர்ர்.

“அட, எனக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் இவ்வளவு நடக்கிறதா?” என்று புலி வாய்பிளந்தது.

அந்த நேரம் பார்த்து ஆள்காட்டி வீறிட்டது.

“மறுபடியும் கேட்காமலா!” என்று புலி உறுமியது.

பின்னால் ‘படார்’ என்று ஒரு சத்தம். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புலிக்குட்டி ஆள்காட்டியின் குரல் கேட்டுத் துள்ளிப் பின்வாங்கியிருந்தது. முதலையின் வாய் வெறும் தண்ணீரைக் கவ்வி மூடியது. குட்டி ஓடிவந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது.

புலி ஓங்கிய காலை முட்டைகளுக்கு அப்பால் மெல்ல ஊன்றியது. “நீ மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தால்...” என்றது. குட்டியை நக்கிக் கொடுத்தது.

ஆள்காட்டி போய்த் தன் முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. அன்றோடு அந்தச் சட்டமும் போயிற்று.

ஆபத்தைக் கண்டவர்தான் அந்த இடத்திலேயே குரல் கொடுக்கவேண்டும். உத்தரவு வரும்வரை உயிர் காத்திருக்காது.