நாற்பது சனிக்கிழமைகள்

“விஷ்ணுராம் நெசமா வந்தது எத்தனை வாரம்? எழுதிக் கையெழுத்துப் போடு.”

கல்லூரி நேர்காணல் அறையில் டாக்டர் மரிய தங்கம் வெள்ளைத்தாளை ஜெனிஷ் பக்கம் நகர்த்தினார். அவன் பேனாவைத் திறந்தான். மூன்று மாதமாக இந்த நிமிடத்துக்குத்தான் காத்திருந்தான்.  

விஷயம் இதுதான். அது ஆஸ்டியோபதிக் கல்லூரி. எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்யும் மருத்துவம் படிக்கிற இடம். மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட். பரீட்சைக்கு அறுபது, சேவைக்கு நாற்பது மதிப்பெண். சேவை என்றால் மேடையில் ஆடிப் பாடி வாங்கும் சர்டிபிகேட் இல்லை. முதியோர் விடுதியில் படுக்கையோடு கிடப்பவர்களைப் புண் வராமல் புரட்டிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மதிப்பெண், மொத்தம் நாற்பது சனிக்கிழமை.

போட்டியில் மூன்று பேர், ஒரே பள்ளிக்கூடம். விஷ்ணுராம் பரீட்சையில் 57, சேவையில் 40. ஜெனிஷ் 46, 40. முபீனா 50, ஆனால் சேவை எட்டே எட்டு. கூட்டினால் 97, 86, 58. சீட் யாருக்கு என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் விஷ்ணுராமின் நாற்பதில் முப்பத்திரண்டு பொய்.

விடுதிப் பதிவேட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் எழுதத்தான் இடம். ஒருவர் தோளில் கை கொடுக்க, எதிர்ப்பக்கம் நிற்பவர் இடுப்பில் கை கொடுக்க, மூன்று எண்ணிச் சேர்ந்து புரட்ட வேண்டும். மூன்றாம் கட்டிலுக்கு ஜெனிஷும் விஷ்ணுராமும். எட்டு வாரம் விஷ்ணுராம் ஒழுங்காக வந்தான். ஒன்பதாவது வாரம், “லேய் மக்கா, எனக்கு டியூஷன் இருக்கு. எனக்க பேரக் கூப்பிட்டா நீயே ஆஜர் சொல்லிரு. பதிலுக்கு ஒனக்கு பிசிக்ஸ் சொல்லித்தாறேன்” என்றான்.

ஜெனிஷ் சொன்னான். வார்டன் தலை நிமிராமல் டிக் அடிக்கிற ஆள். முப்பத்திரண்டு வாரமும் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஆஜர் வந்தது.

அதே ஒன்பதாவது வாரம் முபீனாவின் கட்டிலில் இருந்தவரை மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் நேராக மூன்றாம் கட்டிலுக்கு வந்து இடுப்புப் பக்கம் நின்றாள்.

“ஒனக்க பேரு எழுத இடமில்லியே” என்றான் ஜெனிஷ்.

“பேரா பொரட்டப் போவுது? பிடி.”

அதற்கப்புறம் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

விஷ்ணுராம் பிசிக்ஸில் இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தான். பிறகு “நேரமில்லலே” என்று கழன்றுகொண்டான். ஜெனிஷ் பிசிக்ஸில்தான் சறுக்கினான். ரிசல்ட் வந்த அன்று, பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் நடுவே விஷ்ணுராம் சொன்னான்: “ஒனக்கு எதுக்குலே டாக்டர் சீட்டு? பெட்ல கெடக்கவன பொரட்டத்தான் நீ லாயக்கு.” எல்லாரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து ஜெனிஷும் சிரித்தான். அவன் பேசியதைக்கூட விட்டுவிடலாம். தான் சிரித்ததை ஜெனிஷால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு நேர்காணல். டாக்டர் ஒரு ஊழியரைக் கட்டிலில் படுக்கவைத்து, “இவரைப் புரட்டு” என்றார். விஷ்ணுராம் அவர் கையைப் பிடித்து இழுத்தான். நாற்பது வாரம் செய்தவன் அப்படிச் செய்யவே மாட்டான், தோள் கழன்றுவிடும்.  டாக்டர் அவனை வெளியே அனுப்பிவிட்டு, பதிவேட்டில் அவன் பெயருக்கு மேலே இருந்த ஜெனிஷைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் விஷ்ணுராம் வழிமறித்தான். “மக்கா, நான் வந்தேன்னு சொல்லிரு. ஒனக்கு என்ன வேணும்னாலும் செஞ்சு தாறேன்.”

“பிசிக்ஸ் சொல்லித்தருவியா?” என்று கேட்டுவிட்டு ஜெனிஷ் உள்ளே போனான்.

தாளில் ‘எட்டு’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

“மிச்சத்துக்கு ஆஜர் சொன்னது யாரு?”

“நான்தான் மேடம்.”

டாக்டர் மதிப்பெண் பட்டியலை எடுத்தார். “ஒத்துக்கிட்டே. நீ வந்த நாள் உன்னுதுதான், அதுல கை வைக்க மாட்டேன்.” 97-ஐ அடித்து 65 என்று எழுதினார். இப்போது 86 முதலிடம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விஷ்ணுராமின் முகம் வெளுத்திருந்தது. ஜெனிஷ் அதை ஆசைதீரப் பார்த்தான்.

டாக்டர் தாளை மறுபடி அவன் பக்கம் தள்ளினார். “தனி ஆளா யாரையும் புரட்ட முடியாது. அந்த முப்பத்திரண்டு வாரமும் உன் எதிர்ல நின்னது யாரு? அந்த நாளெல்லாம் அவங்களுக்குச் சேரணும். பேரை எழுது.”

கேள்வி இதுதான்: அந்தச் சீட் யாருக்குச் சேர வேண்டியது? இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

விடை: சீட் முபீனாவுடையது. எட்டோடு முப்பத்திரண்டைக் கூட்டுங்கள், நாற்பது. பரீட்சையின் ஐம்பதோடு சேர்த்தால் தொண்ணூறு, ஜெனிஷின் 86-ஐவிட அதிகம். சரியாக நடந்தவளும் அவள் ஒருத்திதான். விஷ்ணுராம் திருடியது அவளுடைய நாட்களை; திருடிக் கொடுத்தது ஜெனிஷின் குரல். ஜெனிஷ் எழுதிய ‘எட்டு’ உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது விஷ்ணுராமைக் கவிழ்க்கிற வரைக்கும் மட்டும் தேவைப்பட்ட உண்மை. வராந்தா பெஞ்சில் முபீனா தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேரை எழுதச் சொன்னார். ஜெனிஷ் எழுதாமலே பேனாவை மூடிவிட்டான்.