விசாரணையின் கடைசிக் கேள்வி

வேறு வேறு நாட்டுக் கம்பெனிகள் மோதிக்கொண்டால், எந்த நாட்டுக் கோர்ட்டுக்கும் போகாமல் இருவருக்கும் பொதுவான ஒரு நடுவரிடம் போவதுண்டு. அவர் சொன்னதுதான் தீர்ப்பு. தீர்ப்பு தவறென்று அப்பீல் போக முடியாது. நியாயமாகப் பார்த்தால் நடுவர்கள் பயந்து நடுங்க வேண்டும். பலர் நிம்மதியாகத்தான் தூங்குகிறார்கள்.

நாகசுந்தரத்துக்குத் தூக்கம் போய்விட்டது. தனி நடுவராக அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை, அதுவும் தலை நரைத்த பிறகு. தீர்ப்பில் கையெழுத்துப் போடாமல், தொழில் கற்றுக்கொடுத்த சௌந்தரவல்லியைத் தேடி வந்தார்.

"பயமா இருக்கு மேடம்."

"என்ன வழக்கு?"

"ஒரு தீவுல சின்னக் கப்பல் பட்டறை. அவங்க கட்டிக் கொடுத்த கப்பல் நடுக்கடல்ல விரிசல் விட்டுடுச்சு. வாங்கின கம்பெனி வழக்குப் போட்டிருக்கு. தோத்தா பட்டறையை இழுத்து மூடணும்."

"யார் பக்கம் எழுதியிருக்கே?"

"கம்பெனி பக்கம்."

"அப்படித்தான் உனக்குத் தோணுதா?"

"விசாரணை முடிஞ்சப்புறம் பார்த்தா காகிதம் மலை மாதிரி இருந்துச்சு. செயற்கை நுண்ணறிவுகிட்ட கொடுத்துச் சுருக்கம்தான் கேட்டேன். அது முடிவையும் சேர்த்துச் சொல்லிடுச்சு. கப்பல் வரைபடத்துல குறை இல்லை, வெல்டிங்லதான் குறைன்னு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு வேற எதுவும் யோசிக்க வரலை."

"தப்பாச் சொல்லுதா?"

"சரின்னுதான் படுது. அதுதான் இன்னும் பயமா இருக்கு."

"வெல்டிங் பத்திக் கம்பெனி வக்கீல் என்ன சொன்னார்?"

"அவர் வரைபடம் தப்புன்னுதான் வாதாடினார். பட்டறைக்காரரும் அதுக்குத்தான் பதில் சொன்னார். வெல்டிங் பத்தி யாரும் வாயே திறக்கலை."

சௌந்தரவல்லி எழுந்தார். "விசாரணை நடந்த அறைக்குப் போகலாம், வா."

அறை காலியாக இருந்தது. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிக்கும்போது வழக்கமாக் கேக்கற கேள்வியைக் கேட்டியா?"

"கேட்டேன். விசாரணை நடந்த விதத்துல யாருக்காவது குறை உண்டான்னு. பட்டறைக்காரர் எழுந்து நின்னு, ஒரு குறையும் இல்லைங்க, நான் பேசினதையெல்லாம் பொறுமையாக் கேட்டீங்கன்னு சொன்னார்."

"அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?"

நாகசுந்தரம் காட்டினார். சௌந்தரவல்லி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் இடத்துல உட்காரு. அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளு."

"மேடம், இதை வெளியே சொன்னா என்னை நீக்கிடுவாங்க. அப்புறம் எந்த வழக்குக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. சொல்லலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை."

"கேளு."

நாகசுந்தரம் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ விசாரணைகளில் காதில் விழுந்து பழகிய வாசகம்தான், ஆனாலும் பாதியில் நின்று நின்று வந்தது.

"விசாரணை நடந்த விதத்துல... உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

சௌந்தரவல்லி எழுந்து நின்றார். பட்டறைக்காரரைப் போலவே பணிவாகப் பேசினார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க ஐயா. குறை இல்லைன்னு சொல்லிட்டு நான் வெளியே போன பிறகு, உள்ளே வந்து உங்ககிட்ட எனக்கு எதிராப் பேசினது யாருங்க?"