புளியடிக்குறிச்சி கடலோடு தட்டு மாற்றியது

புளியடிக்குறிச்சிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர்கள் எதையும் முறைப்படி செய்கிறவர்கள். விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஊரில் எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் முறை ஒன்றே ஒன்றுதான். பெண் பார்க்க எப்படிப் போவார்களோ அப்படியே போவார்கள். உழவு மாடு வாங்கினாலும் சரி, கிணற்றுக்கு மோட்டார் வாங்கினாலும் சரி, நாலு ஆண்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தோடு கிளம்பிவிடுவார்கள். போன இடத்தில் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கக் கூடாதில்லையா? மோட்டார் விற்ற கடைக்காரர், “இந்த மோட்டாருக்குக் கல்யாணத்துக்கு நிக்கிற அக்கா யாரும் இருக்கா?” என்று கேட்ட ஆட்களை இன்னும் மறக்கவில்லையாம்.

அந்த நாலு பேரில் ஒருவன் மாசானம். தங்கமான மனுஷன். அவனுக்கு உலகம்மாள் என்று ஒரே மகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. பொங்கலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மாசானம் சொன்னான். அப்புறம் முழுப்பரீட்சை லீவுக்கு என்றான். இப்போது காலாண்டு லீவும் வந்துவிட்டது. உலகு அப்பனோடு காய் விட்டுவிட்டாள்.

“கடல்ல காலை வச்சாத்தான் உனக்குப் பழம்” என்று சொல்லிவிட்டு வாயை மூடியவள்தான். மாசானம் ஊட்டினால் சாப்பிடமாட்டாள், அவன் தோளில் ஏறமாட்டாள். மகள் பேசாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

சங்கதி தெரிந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கடல், கடல் என்று கூப்பாடு போட்டன. வேன் பேசி எல்லாரும் ஒருநாள் போய் வருவதென்று முடிவானது. எந்தக் கடற்கரை என்று பார்த்துவரும் பொறுப்பு வழக்கம்போல நால்வரிடம் வந்தது. மாசானத்தின் பெண்டாட்டி வடிவு வாசல்வரை வந்து படித்துப் படித்துச் சொன்னாள்.

“ஏதோ ஒரு கடல்னு பாத்துட்டு வந்துராதீய. எல்லாம் சின்னப் பிள்ளைய. அலை அடங்கி இருக்கணும். தண்ணி முழங்காலுக்கு மேல வரக் கூடாது. உக்கார நிழல் வேணும். அக்கம்பக்கத்துல நல்லா விசாரிச்சு முடிச்சுட்டு வாங்க.”

விசாரித்து முடிப்பதைப் பற்றி அவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? வடிவின் பித்தளைத் தட்டையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். முன்னால் போனவர் தளவாய், பெரிய மீசைக்காரர். ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தவர். தமக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அமையவில்லை. அவருக்குப் பின்னால் குள்ளமான கொம்பையா. அவனுக்குப் பின்னால் அதிகம் பேசாத ஆவுடையப்பன். கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு மாசானம்.

முதல் கடற்கரையில் அலை பெரிதாக ஓடி வந்தது, பாதியில் நின்றது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

“பாத்தியளா? வாங்கன்னு சொல்ல ஓடி வருது. மூஞ்சியைப் பாத்ததும் திரும்பிப் போகுது” என்றார் தளவாய்.

“உங்க மீசையைப் பாத்திருக்கும் மாமா” என்றான் கொம்பையா.

பக்கத்தில் ஒரு மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தளவாய் அவரிடம் போய்க் கும்பிட்டு, “இதுக்குக் கூடப்பொறந்தது எத்தனை?” என்று விசாரித்தார்.

“எதுக்கு?”

“இந்தக் கடலுக்குத்தான்.”

மீனவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எல்லாம் ஒரே தண்ணிதான்யா. அந்தப் பக்கம் இலங்கை வரைக்கும் போகுது.”

“சொந்தபந்தம் வெளிநாட்டுல இருக்கு” என்று ஆவுடையப்பன் மற்றவர்களிடம் மெல்லச் சொன்னான். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

“ஆனா இங்க பிள்ளையளை இறக்கிராதீய. சுழி இருக்கு” என்றார் மீனவர்.

வாங்க வந்த மாட்டுக்குச் சுழி சரியில்லை என்றால் யார்தான் வாங்குவார்கள்? நாலு பேரும் அப்படியே திரும்பிவிட்டார்கள்.

இரண்டாவது கடற்கரையில் அலையும் குறைவு, நிழலும் இருந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த பெரிய வள்ளத்தின் நிழல் அது. நால்வரும் அதில் உட்கார்ந்தார்கள். காற்று சுகமாக வந்தது. இதையே முடித்துவிடலாமா என்று பேச்சு வரும்போது, ஆட்கள் வந்து ஏலேலோ போட்டு வள்ளத்தைக் கடலில் தள்ளினார்கள். நிழலும் கூடவே போனது.

“ஏய்! நிழலை எங்கவே கொண்டுபோறீரு? விட்டுட்டுப் போம்!” என்று கத்திக்கொண்டு கொம்பையா ஓடினான். தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டான். சம்பந்தம் முடியாமல் எப்படி நனைவது?

தளவாய் வெயிலில் உட்கார்ந்தபடியே பெருமூச்சு விட்டார். “நாம பாக்க வாறோம்னு தெரிஞ்சு இரவல் நகை போட்டு நிறுத்துவாங்களே, அதே கதைதான். இரவல் நிழல். எந்திரிங்க.”

மூன்றாவது இடம் ஒரு சின்னக் குடா. தண்ணீர் தட்டில் ஊற்றின பால் மாதிரி அசையாமல் கிடந்தது. கரையில் வரிசையாகப் பனைகள். எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண் தண்ணீரில் உட்கார்ந்து கையால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உலகு உயரம்தான் இருப்பாள். மாசானம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாமா, இதையே முடிச்சிருவோம்” என்றான்.

“பொறு. முழங்கால் பாக்கணும்லா?” என்றார் தளவாய்.

“யார் முழங்காலு?” என்று கேட்டான் கொம்பையா.

“பிள்ளைய முழங்காலு.”

“பிள்ளையைக் கூட்டிட்டு வரலையே!”

நீண்ட ஆலோசனை நடந்தது. முடிவில் கொம்பையாவைக் கரை மணலில் மண்டிபோடச் சொன்னார்கள். சரியாக ஒரு பிள்ளை உயரத்துக்கு வந்தான்.

“இப்போ உன் முழங்கால் எங்க இருக்கு?”

“மணல்ல இருக்கு மாமா.”

“தண்ணி அதுக்கு மேல வருதா?”

“தண்ணியே வரல மாமா.”

“அப்போ பிள்ளையளுக்குப் பத்திரமான இடம்” என்றார் தளவாய். எல்லாருக்கும் மனம் நிறைந்தது. மாசானம் தட்டை ஈர மணல் ஓரமாக வைத்தான். தளவாய் கடலைப் பார்த்துக் கைகூப்பி, “எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நாள் நல்லா இருக்கு. எங்க ஊருக்கு வந்து வீடு பாத்துட்டுப் போங்க. மத்தது பெறகு பேசிக்கிடுவோம்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. பூவை எடுத்தது, வெற்றிலையை எடுத்தது, தட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

“வாங்கிக்கிட்டு! சம்மதம்!” என்று கொம்பையா குதித்தான்.

ஊருக்கு வந்ததும் வடிவு முதலில் கேட்டது தட்டைத்தான்.

“மாத்தியாச்சு” என்றான் மாசானம்.

“மாத்துனா பதில் தட்டு எங்க?”

“கொண்டுவருவாங்க.”

“யாரு?”

“கடல்தான். ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வருது. அது வந்து போன பெறகுதான் நாம போகணும். அதுக்கு முந்திப் பிள்ளைகுட்டியோட போய் நின்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?”

“கடல் எப்படிங்க வரும்?”

“அது அவங்க பாடு. பஸ் வசதி இருக்கு” என்றார் கூடவே வந்த தளவாய்.

வடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள். உலகு அப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலெல்லாம் கோலம். கோவில் முன்னால் வாழை மரம் கட்டி, அண்டா நிறையக் கேசரி கிண்டியாகிவிட்டது. பேசின வேனும் வந்து நின்றது. பிள்ளைகள் புதுச் சட்டையில் நின்று நின்று கால் வலித்து உட்கார்ந்தன. உலகு வேனில் ஏறி உட்கார்ந்தவள் இறங்க மறுத்தாள். மாசானம் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தெரிந்தவர்கள் இறங்கினார்கள், தெரியாதவர்கள் இறங்கினார்கள், கடல் இறங்கவில்லை.

மத்தியானம் வானம் கறுத்து மழை கொட்டியது. கோவில் திடல் பள்ளமான இடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நாலா பக்கமிருந்தும் ஓடி வந்து திடலை நிரப்பியது.

“வந்துட்டு!” என்று கத்தினான் மாசானம். “மாமா, கடல் வந்துட்டு!”

தளவாய் குடையோடு ஓடினார். தூரத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் மழையில் நனையலாமா? திடல் ஓரத்தில் நின்று குடையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பன் வாங்கி வைத்திருந்த மாலையைத் தண்ணீரில் போட்டான். அலை அடங்கியிருந்தது, முழங்கால் ஆழம்தான், மேலே வேப்பமர நிழல். வடிவு சொன்ன லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு குதித்தன.

உலகு வேனிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்பாவிடம் பேசக் கூடாது என்பதால் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “கடல் உப்பா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. இது கடல் இல்ல.”

மாசானத்தின் முகம் வாடிவிட்டது. நால்வரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

“அம்புட்டுத் தூரம் வந்திருக்கு. வழியில வேர்த்து உப்பெல்லாம் இறங்கியிருக்கும்” என்றார் தளவாய். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வீடு உப்பு ஜாடியைத் தூக்கி வந்து திடலில் கவிழ்த்தார்கள். உலகு மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

“உப்புதான். ஆனா கடலுக்கு மறுகரை தெரியாதுன்னு டீச்சர் சொன்னாங்க. இதுல எங்க வீடு தெரியுதே” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

நால்வரும் மறுபடி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தபோது கொம்பையா திடுக்கிட்டு எழுந்தான். “மாமா! கடல் இங்க வந்துட்டே, அப்போ அங்க கரைக்கு வாற பிள்ளைய என்ன செய்யும்? வெறும் மணல்ல நிக்குமே!”

இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. குடாவில் சிரித்த அந்தச் சின்னப் பெண் மாசானத்தின் கண்ணுக்குள் வந்து நின்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “பாவம் மாமா. யார் பெத்த பிள்ளையளோ. கொஞ்சம் தண்ணியாவது கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருவோம்.”

விடிந்ததும் ஊரிலுள்ள டிரம்மையெல்லாம் திடல் தண்ணீரால் நிரப்பி வேனில் ஏற்றினார்கள். பிள்ளைகள் ஏற இடம் இல்லை. வடிவு பார்த்தாள். இவர்களோடு இனி வழக்குப் பேசிப் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கொண்டுபோறது சரி. வேன் குலுங்குனா தண்ணியெல்லாம் கொட்டிராதா? டிரம் மூடி மேல ஆளுக்கொண்ணா பிள்ளையளை உக்கார வைங்க. பிள்ளையளைப் பிடிச்சுக்க நாங்க வாறோம்” என்றாள்.

“பொம்பளைன்னா இப்படிப் புத்தி இருக்கணும்” என்று தளவாய் மனதாரப் பாராட்டினார்.

அவர்கள் குடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றம். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, சேறும் சிப்பியுமாகக் கிடந்தது.

“பாத்தியளா? பாதிக்கு மேல நம்ம ஊருக்கு வந்துட்டு” என்றான் கொம்பையா. நாலு பேரும் குற்றம் செய்தவர்களாக டிரம்களை உருட்டிக்கொண்டு ஓடி, ஒன்றுவிடாமல் ஊற்றினார்கள். பிள்ளைகள் அதற்குள் தண்ணீரைத் தேடிப் போய்விட்டன. உலகு மட்டும் ஓரத்தில் நின்று, கண்ணுக்கெட்டிய மட்டும் பார்த்தாள். மறுகரை தெரியவில்லை. எந்த வீடும் தெரியவில்லை. மெல்ல ஒரு காலை வைத்தாள். அப்புறம் மறு காலையும் வைத்தாள்.

“அப்பா, பழம்!” என்று இரண்டு விரலை நீட்டினாள். மாசானம் வேட்டி நனைவதைப் பார்க்காமல் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டான்.

எல்லாரும் பனை நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு எழுந்தபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. சிப்பி கிடந்த இடத்தை மூடியது. மணலை மூடியது. பனையின் அடியைத் தொட வந்தது.

தளவாய்க்கு மீசை துடித்தது. “அளவு தெரியாம ஊத்திட்டோம்வே! பிள்ளையளுக்கு ஆபத்தாப் போச்சு. மொள்ளுங்கவே, மொள்ளுங்க!”

வடிவு பிள்ளைகளை மேட்டில் உட்காரவைத்து மிச்சப் புளியோதரையைப் பங்கு வைத்தாள். நாலு பேரும் மாலைவரை மூச்சு வாங்க டிரம் டிரம்மாகக் கடலை மொண்டு பனைக்குப் பின்னால் ஊற்றினார்கள். அது சரிவில் ஓடி மறுபடி கடலுக்கே போனதை யாரும் கவனிக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பனையடியைவிட்டு விலகி, மணலைத் தாண்டி, பழைய இடத்துக்கே போனது.

தளவாய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வேர்வையை வழித்தார்.

“நாலு பேரா வந்தது நல்லதாப் போச்சு” என்றார். “மூணு பேருன்னா ராத்திரி ஆகியிருக்கும்.”