கீரியின் திரையில் நின்றுபோன ஆறு

காட்டாற்றின் கரையில், ஒரு பொந்தில், செம்பி என்ற கீரி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அந்த ஆற்றை நம்ப முடியாது. மலையில் மழை பெய்தால், கரையில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

மலைக்குகையில் இருந்த கரடியிடம் ஒரு கணினி இருந்தது. ஆற்றின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் நீலக் கோடாக வரைந்து காட்டும் நிரல் அதில் ஓடியது. செம்பியிடமும் ஒரு கணினி உண்டு. ஆனால் அது வேறு இனம். அந்த நிரல் இதில் ஓடவே ஓடாது.

முள்ளம்பன்றிதான் கம்பி இழுத்து இரண்டையும் இணைத்தது. மலையில் ஓடும் நிரலின் சன்னல், செம்பியின் திரையில் திறந்தது!

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க! வேலை நடக்குறது மலையிலதான். இங்க தெரியறது அதோட முகம் மட்டும். நீலக் கோடு ஏற ஆரம்பிச்சா, உடனே குட்டிகளைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க!" என்றது முள்ளம்பன்றி.

"சரி, சரி!" என்றது செம்பி. காதில் வாங்கியதா என்றால், அதுதான் இல்லை. அதற்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஆறு என் வீட்டுக்குள்ள ஓடுது, வந்து பாருங்க!" என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தது.

ஒரு நாள் காலையில் கரடி போனில் கூப்பிட்டது.

"தங்கச்சி, இந்தக் கணினி போடுற உறுமல்ல தூங்கவே முடியலம்மா! படம்தான் உன்கிட்ட வந்துடுச்சே. இதை அணைச்சிடட்டுமா?"

"தாராளமா அணைச்சிடுங்கண்ணே! எல்லாம் இங்கேயே இருக்கு!"

கரடி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுத்தது. செம்பியின் திரையில் சன்னல் மூடவில்லை. கடைசியாக வந்த படம் அப்படியே நின்றுவிட்டது. நீலக் கோடு கீழே சமர்த்தாகப் படுத்திருந்தது.

நண்பகலில் நீர்க்காகம் பதறிப் பறந்து வந்தது.

"செம்பி! தண்ணி கலங்கி வருது! சுள்ளியெல்லாம் மிதந்து வருது! கிளம்பு!"

"படத்தைப் பார்த்துட்டுப் பேசு! கோடு அசையவே இல்லை!"

"கோடாவது ஒண்ணாவது! ஆத்தைப் பாரும்மா!"

இரண்டு அடி வைத்தால் ஆறு. செம்பி எட்டிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொந்துக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் அதற்கு உறைத்தது. ஒரு வாயால் ஒரு குட்டியைத்தானே கவ்வ முடியும்? மூத்ததைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்வியது. மூன்றாம் முறை இறங்கி வந்தபோது, பொந்து இருந்த இடமே தெரியவில்லை.

கரடி மலையிலிருந்து ஓடி வந்தது. "நீ சொன்னதாலதானேம்மா அணைச்சேன்!" என்று அழுதது.

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன்," என்றது செம்பி. பாவம், அந்தக் கடைக்குட்டி அப்போதுதான் கண் திறந்திருந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

கண்ணில் படும் படத்தை நம்பி, கண்ணில் படாமல் உழைக்கும் ஒன்றை நிறுத்திவிடுகிறவர், பெற்றதையும் பறிகொடுப்பார்.